போல்ட்டில் மாட்டிய நீலமணி

அலெக்சாந்திரியா,
புயல் ஓய்ந்த வெள்ளிக்கிழமை.

பாசமும் மரியாதையும் கலந்த அக்கா இன்சாஃபுக்கு,

அஸ்வானில் நீயும் அத்தானும் உன் முழங்காலும் சுகமாக இருக்க அல்லாஹ்வை வேண்டி, தம்பி ஃபிக்ரி எழுதுவது. முழங்கால் வலியால் நீ வரமுடியாமல் போன நம் நெர்மின் கல்யாணம் நல்லபடியாக முடிந்தது. நீ அனுப்பிய பேரீச்சம்பழம் வந்தது, கண்ணேறு படாமலிருக்க அனுப்பிய நீலமணியும் வந்தது. அந்த மணிக்கு நன்றி சொல்லத்தான் இந்தக் கடிதம். முழுக்கப் படித்துவிட்டுக் கோபித்துக்கொள், பாதியில் நிறுத்திக் கோபித்துக்கொள்ளாதே.

கல்யாணத்துக்கு முந்தின வாரம் காரைத் துடைத்துக்கொண்டிருந்தேன். கீழ்வீட்டு ஹாஜி பயூமி வந்து நின்று, "என்ன ஃபிக்ரி சார், வண்டி புதுப்பொண்ணாட்டம் ஜொலிக்குது!" என்றார். கண் படாமலிருக்கக் கூடவே ஒரு 'மாஷா அல்லாஹ்'? கிடையாது. உடனே உன் மணியை எடுத்தேன். முன்னால் தொங்கவிட்டால் தன்னைத்தான் சொல்கிறேன் என்று அவர் மனசு நோகும், அதனால் பானெட்டைத் திறந்தேன், உள்ளே தோதாக ஒரு போல்ட் இருந்தது. அதில் ஒரு கறுப்பு வயரை முடுக்கியிருந்தார்கள். அந்த வயர் எங்கேயும் போகவில்லை அக்கா, வெறும் தகரத்தோடு நிற்கிறது. எவனோ வேலை மெனக்கெட்டவன் மாட்டியது என்று அதைக் கழற்றி ஓரமாக ஒதுக்கிவிட்டு, அந்த இடத்தில் உன் மணியை வைத்து நன்றாக இறுக்கினேன்.

கல்யாணத்தன்று புயல். 'துடைப்பப் புயல்' என்று அதற்குப் பேர் வைத்தவன் வாய்க்குச் சர்க்கரைதான் போட வேண்டும், தெருவையே கூட்டித் தள்ளியது. டாக்ஸி ஒன்றும் வரவில்லை. மாலைத் தொழுகை முடிந்ததும் பள்ளிவாசலில் நிக்காஹ் ஒப்பந்தம், பதிவு செய்பவருக்கு அடுத்தாற்போல் வேறொரு கல்யாணம், கொஞ்சம் பிந்தினாலும் பையைத் தூக்கிக்கொண்டு போய்விடுவார். பெண்ணைப் பெற்றவன் என்ற முறையில் வெள்ளைக் கைக்குட்டைக்கு அடியில் மாப்பிள்ளை கையைப் பிடிக்க வேண்டியவன் நான். கைக்குட்டை பையில் ரெடி, மணப்பெண் பின்சீட்டில் ரெடி, வைப்பரைப் போட்டேன், அசையவில்லை. ஸ்விட்சைத் தட்டினேன், ஃப்யூஸை மாற்றினேன், வைப்பர் கையைப் பிடித்து ஆட்டினேன், ம்ஹூம். கண்ணாடிக்கு வெளியே ஒன்றும் தெரியவில்லை. அந்த நேரம் பார்த்துக் குடையோடு வந்தார் பயூமி.

"யோவ், ஒரு மாஷா அல்லாஹ் சொல்லியிருந்தா வாயா வலிச்சிருக்கும்?" என்று கத்திவிட்டேன். பாவம் மனுஷன், திருதிருவென்று முழித்தார்.

"அப்பா, அவரை விடுங்க. திட்டினா வைப்பர் ஓடாது" என்று நெர்மின் இறங்கினாள். தொழிற்பள்ளியில் மின்சாரம் சொல்லிக்கொடுப்பவள் என்பது அந்தப் பதற்றத்தில் எனக்கு மறந்தே போச்சு. கார் வாங்கின நாளிலிருந்து நான் பொத்திப் பொத்திக் காப்பாற்றிய சீட்டின் நைலான் உறையை ஒரே இழுப்பில் கிழித்துக் கல்யாண உடுப்புக்கு மேல் கட்டிக்கொண்டாள். பயூமி குடை பிடித்தார். டிக்கியில் கருவிகளோடு கிடந்த டெஸ்ட் லேம்பின் ஒரு முனையை பேட்டரியின் நெகட்டிவில் மாட்டி, மறுமுனையை மோட்டாருக்குப் போகும் வயரில் வைத்தாள். எரிந்தது. "கரண்ட் மோட்டார் வரைக்கும் வருது. அப்போ ஸ்விட்ச் மேல தப்பில்ல." பேட்டரியில் இருந்த முனையை எடுத்து மோட்டாரின் கறுப்பு வயரில் மாட்டினாள். எரியவில்லை. "வந்த கரண்ட் திரும்பிப் போக வழியில்லப்பா. எர்த் இல்ல." அந்த வயரைத் தடவிக்கொண்டே போனாள். அதன் நுனி அநாதையாகத் தொங்கியது, பக்கத்துப் போல்ட்டிலிருந்து உன் நீலமணி எங்களைப் பார்த்தது.

"இது யாரு வேலை?"

"கண்ணு பட்டிருக்கும்மா" என்றேன்.

"கண்ணு இல்லப்பா. கை."

வயரைப் பழையபடி முடுக்கினாள். வைப்பர் துள்ளி எழுந்து பயூமி முகத்தில் ஒரு வாளித் தண்ணீரை அடித்தது. "மாஷா அல்லாஹ்! மாஷா அல்லாஹ்!" என்று அலறினார் மனுஷன். மன்னிப்புக் கேட்டுக் கட்டிப்பிடித்து அவரையும் ஏற்றிக்கொண்டேன். போய்ச் சேர்ந்தபோது பதிவு செய்பவர் எழுந்து நின்றிருந்தார். கைக்குட்டையை எடுத்தால் அதில் நெர்மின் கை துடைத்த கிரீஸ்! சம்பந்தியம்மா என்னைப் பார்த்த பார்வைக்கு உன் மணி பத்தாது. அதே கைக்குட்டைக்கு அடியில்தான் மாப்பிள்ளை கையைப் பிடித்துக்கொடுத்தேன், அழுதுவிட்டேன்.

உனக்கு நன்றி அக்கா, மணிக்கு நன்றி, பயூமிக்கு நன்றி. நீ மணி அனுப்பாமல் இருந்திருந்தால், என் மகள் எப்பேர்ப்பட்டவள் என்று தெரியாமலே அனுப்பிவைத்திருப்பேன். மணி இப்போது கண்ணாடி முன்னால் தொங்குகிறது. இனி பானெட்டில் கை வைப்பதில்லை என்று அவளிடம் சத்தியம் செய்திருக்கிறேன்.

உன் முழங்காலுக்கு வலுவும் உன் வீட்டுக்குப் பரக்கத்தும் சேரட்டும். அத்தானுக்கு என் சலாம்.

உன் தம்பி,
ஃபிக்ரி

பி.கு.: வீட்டில் நான் ஒருத்தன்தான், சத்தமே இல்லை, சகிக்கமுடியவில்லை அக்கா. இன்று காலை அந்தக் கறுப்பு வயரை நானே கழற்றிவிட்டேன். நெர்மின் போன் செய்தால், அப்பா வைப்பர் மறுபடி நின்றுபோச்சாம், வந்து பார்க்கணுமாம் என்று சொல்லு. எந்தப் போல்ட் என்று எனக்குத் தெரியும் என்பதை மட்டும் சொல்லிவிடாதே. பயூமியிடம் பேசிவிட்டேன், கண் வைத்தது தான்தான் என்று ஒப்புக்கொள்வதாகச் சொல்லியிருக்கிறார்.