பிரேக் டிஸ்க்கும் பக்கத்துச் சபையும்

எல்லையில் குடியிருப்பவனுக்கு ஒரு வசதி உண்டு. எந்தக் கோளாறையும் அடுத்த மாநிலத்தின் தலையில் கட்டிவிடலாம். கேரளத்துப் பாறசாலையில் வீடும் தமிழ்நாட்டுக் களியக்காவிளையில் கடையுமாக அலைந்த நான், என் காரின் பிரேக் டிஸ்க்கையும் அப்படித்தான் காப்பாற்றிவந்தேன்.

பிரேக்கை மிதித்தால் ஸ்டீயரிங் நடுங்கும், மேடையில் முதல் கவிதை வாசிப்பவனின் கை மாதிரி. கூடவே இரும்பு இரும்பை உரசும் முனகல். அந்தப் பக்கம் நடுங்கினால் தமிழ்நாட்டு ரோடு மோசம் என்பேன். இந்தப் பக்கமென்றால் கேரள ரோடு. மெக்கானிக் சக்கரத்தைக் கழற்றி, டிஸ்க் மெலிந்து வரிவரியாகப் பள்ளம் விழுந்திருப்பதைத் தொட்டுக் காட்டினார். எனக்கோ அதில் மழை ஓடிய செம்மண் ரோடுதான் தெரிந்தது. டிஸ்க்கை விட்டுவிட்டு, பிரேக் பேடை மட்டும் மாற்றச் சொன்னேன்.

என் மனைவி கிரேசி கேட்டாள்: "சவுட்டும்போ மட்டும்தானே ஆடுது. நீங்க பிரேக்க சவுட்டுறது ரோட்டுக்கு எப்படித் தெரியும்?"

(அவள் இப்படி ஏதாவது கேட்டால் நான் காரைத் துடைக்கத் துணி எடுப்பது வழக்கம். எடுத்தேன்.)

அந்த வாரம் அவள் தம்பி ஜெபராஜின் மகளுக்குக் கல்யாணம். அவன் வாடகைக் கார் பிடிக்கிறேன் என்றான். மணப்பெண் என் காரில்தான் வருவாள் என்று அடம்பிடித்து, ரோஜாவும் ரிப்பனும் கட்டினேன்.

பெண் வீடு வெள்ளறடைப் பக்கம், மேட்டில். இறக்கத்தின் பாதியில் எங்கள் சபை. அடிவாரத்தில், எங்களோடு மூன்று தலைமுறையாக முகம் கொடுத்துப் பேசாத பக்கத்துச் சபை.

வளைவுக்கு வளைவு மிதித்துக்கொண்டே இறங்கினேன். எங்கள் ஆலய வாசலில் போதகர், பேண்டு, மாப்பிள்ளை. ஓங்கி மிதித்தேன். ஸ்டீயரிங் துள்ளியது, டிஸ்க் அலறியது, கார் மட்டும் நிற்கவில்லை. மாப்பிள்ளை பதறிக் கையாட்டினார். மரியாதைக்கு நானும் ஆட்டினேன்.

பின்சீட்டிலிருந்து மணப்பெண் மெதுவாகச் சொன்னாள்: "மாமா, நம்ம சபை போச்சு."

கியரைக் குறைத்து, ஹேண்ட்பிரேக்கை இழுத்து, ஒருவழியாக நிறுத்தினேன். பக்கத்துச் சபை வாசலில். சத்தம் கேட்டு வெளியே வந்த அவர்கள் போதகர், காரையும் ரோஜாவையும் வெள்ளைச் சேலையில் பெண்ணையும் பார்த்து முகம் மலர்ந்து, ஆலயப் படியைக் காட்டினார்.

"மனந்திரும்பி வந்தியளா? கேறி வாங்க."

எங்கள் ஆலய வாசலில் காத்திருந்த ஜெபராஜ் கோட்டு சூட்டோடு இறக்கத்தில் ஓடிவந்தான். மூச்சிரைப்பு அடங்கட்டும் என்று நின்றுவிட்டுக் கேட்டான்: "அத்தான், இதும் ரோட்டுக்க குத்தமாக்கும்?"

பெண் முக்காட்டைப் பிடித்துக்கொண்டு மேட்டில் நடந்தே போய்க் கல்யாணம் முடித்தாள். மறுநாளே டிஸ்க்கை மாற்றினேன். என்ன பயன்? இன்றும் குடும்பத்தில் கல்யாணப் பேச்சு எழுந்து, எந்தச் சபையில் என்று யாராவது கேட்டால், அந்த மணப்பெண்தான் முந்திக்கொள்கிறாள்.

"மாமாக்க காரு எங்க நிக்குதோ, அங்க."