டிக்கிக்குள் ஒரு கச்சேரி

பாட்டின் முதல் ‘டம்’ விழுந்ததும் காரின் முன்விளக்கு இரண்டும் மங்கிப் பிரகாசித்தன. அடுத்த ‘டம்’முக்கு எங்கிருந்தோ பிளாஸ்டிக் கருகும் வாசம் வந்தது.

"ஆஃப் பண்ணு, ஆஃப் பண்ணு!" என்று வீரமணி அலறினான்.

ஜெயங்கொண்டத்தில் கார்களுக்கு ஆடியோ மாட்டும் அசோக், அவசரமே இல்லாமல் சாவியைத் திருப்பினான்.

"ஒயரு மெலிசுண்ணே. நான் அப்பவே சொன்னேன். வூட்டு ஃபேனுக்கு இழுக்குற ஒயர்ல இந்த ஆம்ப்ளிஃபயர் ஓடுமா?"

அந்த ஒயர் வீரமணியே வீட்டுப் பரணிலிருந்து எடுத்து வந்தது. அதனால் அவன் வெயிலைப் பற்றிப் பேச ஆரம்பித்தான்.

தா.பழூரில் உரக்கடை வைத்திருக்கும் வீரமணிக்குப் பாட்டுக் கேட்கும் பழக்கமே கிடையாது. இவ்வளவுக்கும் காரணம், மீன்சுருட்டியில் வாழும் அவன் அக்கா புவனேஸ்வரியின் மாமியார் குஞ்சம்மாள். பிறந்த வீட்டிலிருந்து எந்தச் சீர் போனாலும் அந்த அம்மாளிடம் ஒரு குறை தயாராக இருக்கும். வளைகாப்புக்குப் போனால், "பலகாரத்துல நெய் வாசமே இல்லையே." காதுகுத்துக்குப் போனால், "வந்தீங்களா? வந்ததே தெரியல." இத்தனை வருஷத்தில் ஒரு ‘நல்லாருக்கு’ கிடைக்கவில்லை. அவள் சொல்வதைக் கேட்டு ஒவ்வொரு தடவையும் முகம் சுண்டிப்போவது அக்காவுக்குத்தான். வீரமணியால் தாங்க முடியாதது அந்த முகம்தான்.

இப்போது அக்கா மகளுக்கு மஞ்சள் நீராட்டு. தாய்மாமன் சீர் போகிற போக்கில் மீன்சுருட்டியே அதிர வேண்டும். குஞ்சம்மாள் ஊரறிய வாய் திறந்து பாராட்ட வேண்டும். அதற்காகத்தான் அவனுடைய வெள்ளைக் காரின் டிக்கியில் அண்டா அளவுக்கு ஒரு ஸ்பீக்கர் பெட்டி ஏறியது.

மறுநாள் கட்டைவிரல் கனத்துக்குப் புது ஒயர் வந்தது. என்ன நிறம் என்று அசோக் கேட்டான். சீர் விஷயத்தில் அக்கா புருஷன் முத்துவேலைக் கேட்காமல் எதையாவது செய்து, அதுவும் ஒரு குறையாகிவிடக் கூடாதே! வீரமணி போனைப் போட்டான்.

"மாமா, விசேஷத்துக்குத்தான் கார ரெடி பண்றேன். ஒயரு செவப்பா நீலமா? உங்களுக்குப் புடிச்சதச் சொல்லுங்க."

போனில் முத்துவேல் மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது.

"எனக்குப் புடிச்சதா மாப்ள?" என்றார். "நீலமே போடு."

நல்ல மனுஷன், ஒரு ஒயருக்கே கண்கலங்குகிறார் என்று வீரமணி நெகிழ்ந்துபோனான்.

நீல ஒயர் கனமாக இருந்ததால் கார்ப்பெட்டுக்கு அடியில் படுக்க மறுத்து, டிக்கி முழுக்கப் புடைத்துக்கொண்டு நின்றது. பலகை போட்டு மூடலாம் என்றான் அசோக்.

"மூடிட்டா, செலவு பண்ணது யாருக்குத் தெரியும்?" என்றாள் வீரமணியின் மனைவி சிவரஞ்சனி. நியாயமான கேள்வி.

அதனால் கண்ணாடி மாதிரி பளிச்சென்று தெரியும் அக்ரிலிக் பலகை வாங்கினார்கள். இரண்டு பக்கமும் ஒட்டியிருந்த தாளை உரித்து மாட்டியபோது எல்லாமே தெரிந்தது. சிக்கிக் கிடந்த ஒயர், கருப்பு டேப், அசோக் உள்ளே மறந்துவிட்ட ஸ்குரூடிரைவர், எல்லாம்.

"ஒயர வரிசையாக் கட்டணும்ணே. அதுக்கு மறுபடி கழட்டணும்."

கழற்றினார்கள். கழற்றும்போது பலகையின் மூலை விரிசல் விட்டது. அடுத்த பலகையைக் கனமாக வாங்கி, உள்ளே விளக்கும் வைத்தார்கள். பாட்டுப் போட்டதும் பலகை கிடுகிடுவென்று பல்லைக் கடித்தது. ஆட்டம் நிற்க ரப்பர் வைத்தார்கள். ரப்பருக்கு இடம் வேண்டிப் பெட்டியை முன்னால் தள்ளினார்கள். பெட்டிக்கு இடம் வேண்டிப் பின்சீட்டை மடக்கினார்கள்.

இதற்கிடையில் முத்துவேலே போன் செய்தார்.

"மாப்ள, சீட்டுக்கு உறை போடுறதா இருந்தா சந்தனக் கலர் நல்லாருக்கும்னு அம்மா சொல்லுது. ஆமா, லிட்டருக்கு என்ன குடுக்குது?"

மாமா குடும்பமே இவ்வளவு அக்கறை காட்டுவது வீரமணிக்குப் பெருமையாக இருந்தது. சந்தனக் கலரிலேயே உறை போட்டான்.

வேலை முடிந்தது. ஒளியும் ஒலியுமாக டிக்கி ஜொலித்தது. சிவரஞ்சனி சுற்றிப் பார்த்துவிட்டு நிதானமாகக் கேட்டாள்.

"ஏங்க, சீர்த்தட்டு எங்க வைக்கிறது? நாம எங்க உக்கார்றது?"

வீரமணி தலையைச் சொறிந்தான். தட்டுகளுக்கும் சொந்தக்காரர்களுக்கும் ஒரு மினிவேன் பிடித்தான்.

விசேஷத்தன்று மீன்சுருட்டிப் பிள்ளையார் கோயிலடியிலிருந்து சீர் கிளம்பியது. முன்னால் கார். கழுவித் துடைத்து, சந்தனம் குங்குமம் வைத்து, சிவரஞ்சனி ஆசையாகச் சாத்திய ரோஜா மாலையோடு, உள்ளே ஒரு சீர்த்தட்டுகூட இல்லாமல், புதுப்பெண் மாதிரி நகர்ந்தது. ஓட்டிய வீரமணி பட்டுவேட்டியில் இருந்தான். பின்னால் பெண்கள் தட்டுகளோடு நடந்தார்கள். பாட்டின் ‘டம்’ அதிர அதிர, கோயில் விட்டத்தில் இருந்த புறாக்கள் பறந்தன. கடைக்காரர்கள் வெளியே வந்தார்கள்.

பாட்டு நின்றதும் வாசலுக்கு ஆரத்தித் தட்டோடு குஞ்சம்மாள் வந்தாள். காரை ஒரு சுற்றுச் சுற்றினாள். கண்ணாடிப் பலகைக்குள் நீல ஒயர்களைக் குனிந்து பார்த்தாள். சந்தனக் கலர் உறையைத் தடவினாள். சாவியோடு இறங்கிய வீரமணி அவள் வாயையே பார்த்தான்.

குஞ்சம்மாள் கூட்டத்தைப் பார்த்துத் திரும்பினாள்.

"நல்லாப் பாத்துக்குங்கடி! சீருன்னா இது சீரு! எம் மருமவ பொறந்த வூடு மாதிரி இந்தச் சுத்துப்பட்டுல ஒரு வூடு உண்டா?"

அக்காவின் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தை வீரமணி அவள் கல்யாணத்தன்றுகூடப் பார்த்ததில்லை. அவனுக்கும் கண் கலங்கியது. எத்தனை பலகை விரிசல் விட்டிருந்தாலும் பரவாயில்லை. இந்த நிமிஷத்துக்கு எதையும் கொடுக்கலாம் என்று தோன்றியது.

முத்துவேல் புதுச் சட்டையில் ஓடிவந்து அவனைக் கட்டிக்கொண்டார். ஆரத்தி சுற்றிய குஞ்சம்மாள், அவன் நெற்றியில் பொட்டு வைத்துவிட்டு, தாம்பாளத்தை அவன் முன்னால் நீட்டினாள்.

"சந்தோசத்துல அப்படியே நின்னுட்டியே தம்பி, கார்ச் சாவிய இதுல வையி, எமகண்டத்துக்கு முன்னாடி எம் மவன் ஒரு ரவுண்டு ஓட்டிட்டு வரட்டும்."