சிலிண்டர் அண்ணனுக்கு ஏற்றிய பாட்டில்

பரமத்தி வேலூரில் உயிரோடு இருப்பவர்களைவிடச் செத்துப்போனவர்களுக்குத்தான் சிலிண்டர் அண்ணனை நன்றாகத் தெரியும். காவிரியில் யார் மூழ்கினாலும் கடைசியாகக் கைபிடித்துக் கரைக்குக் கூட்டி வந்தவர் அவர்தான். சொந்தப் பெயர் ரேஷன் கார்டில் மட்டும் இருந்தது. முதுகில் காற்று சிலிண்டரைக் கட்டிக்கொண்டே மொபெட்டில் போவார். டீக்கடை பெஞ்சில் சிலிண்டருக்கும் தனியாக ஓர் இடம் பிடிப்பார்.

அந்தமானில் சுற்றுலா வருபவர்களைக் கடலுக்கடியில் அழைத்துப் போகும் வேலையில் இருந்துவிட்டு ஊர் திரும்பியவர். பிணம் இல்லாத நாட்களில் கிணற்றில் விழுந்த மோட்டாரை எடுப்பார். இரண்டும் இல்லாவிட்டால், நான் நர்ஸாக இருந்த சின்ன ஆஸ்பத்திரிக்கு வந்து, முக்குளிப்பவர்களுக்கு வரும் அபூர்வ நோய்களைப் பற்றி வகுப்பெடுப்பார். எங்களிடம் வருவதோ வெற்றிலைக் கொடிக்காலில் வழுக்கி விழுந்தவர்களும் சர்க்கரை நோயாளிகளும். அவர் யாரையும் விடமாட்டார்.

"ஏனுங் ஆத்தா, ஆழத்துல முக்குளிச்சுட்டு அன்னைக்கே ஏற்காடு ஏறிப்போடாதீங்க. ரத்தத்துல காத்துக் குமிழி கட்டிக்கும்" என்பார், முழங்கால் வலிக்கு வந்த அம்மாளிடம்.

"நான் நாமக்கல்லையே தாண்டுனதில்ல சாமி" என்று அந்த அம்மாள் நடுங்குவார்.

எனக்கு மட்டும் தனிப்பாடம். "இதக் கேளு அம்மிணி. தண்ணியக் குடிச்சவன் வேற. ஒரு சொட்டுக் குடிக்காம நெஞ்சுக்குள்ள தானா நீர் கோத்துக்கறவன் வேற. குளுந்த தண்ணி, இறுக்கமான உடுப்பு, ரத்தக் கொதிப்பு, எல்லாம் சேந்தா வரும். இருமுவான், ரோஸ் கலர்ல நுரை கக்குவான். உக்கார வெச்சு ஆக்சிஜன் குடு. குளுக்கோஸ் பாட்டில் மட்டும் ஏத்திப்போடாத. உள்ள ஏற்கெனவே நீர் நிக்குது, நீ வேற ஊத்துவியா?"

எங்கள் வீட்டிலிருந்து முதன்முதலாகப் பள்ளிக்கூடம் போனவள் நான். என் நர்சிங் பட்டம் நடுவீட்டில் கண்ணாடி போட்டுத் தொங்குகிறது. பத்தாம் வகுப்பில் தோற்றவரிடம் பாடம் கேட்பதா?

"இதெல்லாம் எங்க புஸ்தகத்துல இல்லீங்கண்ணா."

"புஸ்தகம் எழுதுனவன் கெணத்துல எறங்குனானா?"

"சரி, கையக் குடுங்க. உங்க பி.பி.யப் பாக்கலாம்."

"எனக்கெதுக்கு? நான் வாத்தியாரு."

ஒருமுறை கேட்டேன், ஏன் எப்போதும் இதையே சொல்கிறார் என்று. "அந்தமான்ல என் கூட்டாளி ஒருத்தன். முழுகிச் செத்தான்னு எழுதிட்டாங்க. அவன் தண்ணியே குடிக்கல அம்மிணி" என்றார். டீயைக் குடிக்காமலே எழுந்து போய்விட்டார்.

மார்கழி மாதத்தில் ஒரு காலை. மோட்டார் எடுக்கக் கிணற்றில் இறங்கிய அண்ணனை லோடு ஆட்டோவில் படுக்கவைத்துக் கொண்டு வந்தார்கள். இடைவிடாத இருமல். பேச்சு வரவில்லை.

"தண்ணி குடிச்சுட்டாருங்க. குப்புறப் போட்டு முதுக அமுக்கியாச்சு. ஒரு பாட்டில் ஏத்துங்க, எந்திரிச்சுக்குவாரு" என்றார் கிணற்றுக்குச் சொந்தக்காரரான தோட்டக்காரர்.

எங்கள் பக்கத்தில் பாட்டில் ஏற்றாத ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியே அல்ல. வேலைக்குச் சேர்ந்து ஒரு மாதமே ஆன டாக்டர் தலையசைத்தார். ஊசியைக் குத்தியது நான்.

அண்ணன் அதைப் பிடுங்கப் பார்த்தார். "ஜன்னி கண்டுருச்சு, புடிங்க" என்றார் தோட்டக்காரர். நானும் சேர்ந்து அவர் கையை அழுத்திப் பிடித்துக்கொண்டேன். அவர் என்னையே பார்த்தார். உதட்டோரம் நுரை தள்ளியது. வெள்ளை நுரை இல்லை.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. பாட்டிலில் பாதி இறங்கியிருந்தது. மூடினேன். அவரைத் தூக்கி உட்கார வைத்து ஆக்சிஜன் மாட்டினேன்.

"சார், இவரு தண்ணி குடிக்கலைங்க. நெஞ்சுக்குள்ள நீர் கோத்திருக்குது."

"யாரு சொன்னா?"

"இவருதாங்க. ஆறு மாசமாச் சொல்றாரு."

டாக்டர் ஸ்டெதாஸ்கோப்பை முதுகில் வைத்துக் கேட்டார். பி.பி. பார்த்தார். மறுபேச்சில்லாமல் நீர் பிரியும் ஊசியைப் போட்டுவிட்டு ஆம்புலன்ஸைக் கூப்பிட்டார். சேலம் போகும்வரை, அவர் சாய்ந்துவிடாதபடி என் தோளை முட்டுக்கொடுத்து உட்கார்ந்திருந்தேன். அவர் நெஞ்சுக்குள் கொதிக்கும் உலைபோல ஒரு சத்தம். ராசிபுரம் தாண்டும்வரை அடுத்த மூச்சு வருமா என்றே தெரியவில்லை.

பத்து நாள் கழித்து ஆஸ்பத்திரிக்கு நடந்து வந்தார். இனி தண்ணீரில் இறங்கவே கூடாது என்று சேலத்தில் சொல்லிவிட்டார்களாம். அந்தக் கோபத்தையும் சேர்த்து, வரிசையில் நின்ற அத்தனை பேர் முன்னாலும் என்மேல் கொட்டினார்.

"அத்தன தடவ சொல்லியும் அரை பாட்டில் ஏத்திப்போட்டியே. புடுங்கப் போன கையையும் புடிச்சுக்கிட்ட. நீ படிச்ச புள்ளைதானா? உன்ர பட்டத்த எங்கிட்டக் குடு, கெணத்துல போட்டுட்டு வாரேன். அதையாச்சும் ஒருத்தன் எறங்கி எடுக்கட்டும்."

எல்லோரும் சிரித்தார்கள். அவமானத்தில் தலைகுனிந்து நிற்கிறேன் என்று நினைத்திருப்பார்கள். நான் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு அவர் மூச்சை எண்ணிக்கொண்டிருந்தேன். நிமிடத்துக்குப் பதினாறு. சத்தமே இல்லாத, சுத்தமான மூச்சு. இன்னும் கொஞ்ச நேரம் திட்டட்டும் என்றிருந்தது.