யானைக்குழியின் சரியான ஆழம்

ஒரு காட்டில், செல்போன் கோபுரம் வந்து நான்கு மழைக்காலம் கழிந்த பிறகு, சடையாண்டி என்றொரு முள்ளம்பன்றி வாழ்ந்துவந்தது. அதற்கு உறவு என்று சொல்லிக்கொள்ள யாரும் இல்லை. அதனால் நேரம் நிறைய இருந்தது. அந்த நேரத்தையெல்லாம் அது 'அறிவுச்சுனை' என்ற அரட்டைக் குழுவில் செலவிட்டது.

குழுவில் மொத்தம் ஐந்து பேர். காலையில் அறிவியல், மதியம் புத்தகம், சாயங்காலம் புதுக் கருவிகள். மின்மினியின் வெளிச்சத்தில் ஏன் சூடு இல்லை, எந்த டார்ச் லைட் நனைந்தாலும் எரியும் என்கிற மாதிரிப் பேச்சு. சடையாண்டி தன் முதுகிலிருந்து உதிர்ந்த ஒரு முள்ளை வைத்துக்கொண்டு போனில் தட்டும். மற்ற முட்களில் சார்ஜர் ஒயர்கள் தொங்கும். யார் எதைச் சொன்னாலும் அது 'ஒரு சின்னத் திருத்தம்' என்றுதான் ஆரம்பிக்கும்.

குழுவின் அட்மின் ஒரு பெண் யானை. எல்லாரும் அதைப் பெரியக்கா என்பார்கள். தும்பிக்கை நுனிக்குப் போனின் எழுத்துகள் பொடிசாக இருந்ததால் அது குரல் பதிவு மட்டுமே அனுப்பும். ஒவ்வொன்றும் நான்கு நிமிடம். முதல் நிமிடம் மூச்சுச் சத்தம் மட்டும் கேட்கும்.

அடுத்தது ஆந்தை. எதைக் கேட்டாலும் ஒரு புத்தகத்தின் பெயரைச் சொல்லும். அடுத்தது குரங்கு. எதைக் கேட்டாலும் "என்ன மாடல்?" என்று கேட்கும். கடைசியாக ஒரு நட்சத்திர ஆமை. ஒரு வரி தட்டுவதற்கு அதற்கு ஒரு நாள் பிடிக்கும். அதனால் அதன் பதில்கள் எல்லாம் முந்தாநாள் பேச்சுக்கு வந்து சேரும். யாரும் அவற்றைப் படிப்பதில்லை.

குழுவில் இரண்டே விதிகள். ஒன்று, யாரும் யாரையும் போனில் கூப்பிடக் கூடாது. குழுவில்தான் சொல்ல வேண்டும். இரண்டு, ஏதாவது ஓர் எண்ணைப் பற்றித் தகராறு வந்தால் மூன்று பேர் நேரில் போய் அளந்துவிட வேண்டும். தவறான எண்ணைச் சொன்னவர் ஒரு மாதம் குழுவில் எழுதக் கூடாது, படிக்க மட்டும் செய்யலாம். ஒரு கரையான் புற்றின் உயரத்துக்காகப் பதினெட்டு நாள் சண்டை நடந்த பிறகு பெரியக்கா போட்ட விதி அது. அதற்கென்றே ஒரு நீள மூங்கிலில் அடிக்கு ஒரு வெட்டு வெட்டி அளவுக்கழி செய்திருந்தார்கள். அது குரங்கின் பொறுப்பில் இருந்தது.

ஒரு மழைக்கால மதியம், சடையாண்டி போனைப் பார்த்தபடியே காட்டுப்பாதையில் நடந்துகொண்டிருந்தது. தவளைக்குக் காது எங்கே இருக்கிறது என்று குழுவில் பேச்சு. ஆந்தை சொன்னது அவ்வளவு சரியில்லை. சடையாண்டி 'ஒரு சின்னத் திருத்தம்' என்று தட்டி முடித்தது. அடுத்த அடியை எடுத்து வைத்தது. அங்கே தரை இல்லை.

அது விழுந்த இடம் பழைய யானைக்குழி. எப்போதோ மனிதர்கள் யானை பிடிப்பதற்காகத் தோண்டிவிட்டுப் போனது. நான்கு பக்கமும் செங்குத்தான மண் சுவர். சடையாண்டி முதலில் தவளைத் திருத்தத்தை அனுப்பி முடித்தது. பிறகுதான் மேலே பார்த்தது. அப்போது மழை பிடித்துக்கொண்டது.

சுவரில் ஏறிப் பார்த்தது, வழுக்கியது. தோண்டிப் பார்த்தது, மண் தலைமேல் சரிந்தது. கால்களைச் சுற்றித் தண்ணீர் தேங்கத் தொடங்கியது. சடையாண்டிக்கு நீந்திப் பழக்கமில்லை. போனை உயர்த்திப் பிடித்துக்கொண்டு குழுவில் எழுதியது:

"நண்பர்களே, யானைக்குழியில் விழுந்துவிட்டேன். தண்ணீர் ஏறுகிறது. யாராவது வந்து தூக்கிவிடுங்கள். போனில் சார்ஜ் பதினாறு சதவீதம்."

குரங்கு உடனே பதில் போட்டது: "அது என்ன மாடல்? அந்தக் கம்பெனிக்காரன் பதினாறுன்னு காட்டினா உள்ள பத்துதான் இருக்கும்."

ஆந்தை தூக்கத்திலிருந்து எழுந்து எழுதியது: "பட்டப்பகல்ல யாருப்பா. குழிகளைப் பத்தி ஒரு நல்ல புத்தகம் இருக்கு. ரெண்டு பாகம். முதல் பாகம் கொஞ்சம் இழுவை."

"ஆந்தையாரே, தண்ணீர் முழங்கால் வரை வந்துவிட்டது."

"அது ரெண்டாம் பாகத்துல வரும்."

"ஒரு போட்டோ போடு," என்றது குரங்கு.

நிலைமையைப் பார்த்தாலாவது வருவார்கள் என்று சடையாண்டி நான்கு சுவரும் தெரிகிற மாதிரி ஒரு படம் எடுத்து அனுப்பியது.

"கேமரா பரவால்லையே. மழை இருட்டுலயும் சுவர் எவ்வளவு துல்லியமா தெரியுது பாரு," என்றது குரங்கு.

"இடது மூலைல ஒரு பெரணி தெரியுதே, அது பாம்புப் பெரணியா?" என்றது ஆந்தை.

அது பாம்புப் பெரணி இல்லை. சடையாண்டி பல்லைக் கடித்துக்கொண்டு சும்மா இருக்கப் பார்த்தது, முடியவில்லை. 'ஒரு சின்னத் திருத்தம்' என்று தொடங்கி மூன்று பத்தி எழுதியது. சார்ஜ் பதினொன்றுக்கு வந்தது.

அப்போது பெரியக்காவின் குரல் பதிவு வந்தது. நான்கு நிமிடம். கேட்டால் சார்ஜ் போகும், கேட்காவிட்டால் உயிர் போகலாம். சடையாண்டி கேட்டது. ஒரு நிமிடம் மூச்சு வந்தது. பிறகு பேச்சு.

"சடையா, நல்லா இருக்கியா. குழுவுல சொந்த விஷயத்தப் பேசாதீங்கன்னு எத்தன தடவ சொல்லியிருக்கேன். அதுவும் அந்தக் குழியப் பத்தி. எங்க பெரியம்மா அதுல ஏழு நாள் கிடந்தாங்கப்பா. எங்க வீட்டுல யாரும் அந்தப் பக்கம் காலே வைக்கிறதில்ல. நீ பாத்துப் பத்திரமா வந்து சேரு. அப்புறம் குரங்குத் தம்பி, நேத்து டார்ச் லைட் கேட்டியே, அதுல பாரு..."

மீதி இரண்டு நிமிடமும் டார்ச் லைட்தான். சார்ஜ் ஏழு சதவீதம்.

அவர்கள் கெட்டவர்கள் இல்லை. மூன்று பேருமே கவலைப்படுகிற மஞ்சள் முகம் அனுப்பினார்கள். ஆந்தை இரண்டு அனுப்பியது.

தண்ணீர் வயிற்றைத் தொட்டது. முதுகு ஒயர்கள் மிதக்கத் தொடங்கின. சடையாண்டி யோசித்தது. இந்தக் குழுவில் உதவிக்கு வர வேண்டும் என்று விதி கிடையாது. ஆனால் அளக்க வர வேண்டும் என்று விதி இருக்கிறது.

அதுவரை அது தெரிந்தே ஒரு தவறான எண்ணைச் சொன்னதில்லை. நாற்பத்தொன்பது சதவீதத்தைக் கூடப் பாதி என்று சொல்லாது. தண்ணீர் நெஞ்சுக்கு ஏறியதும் கை தானாகத் தட்டியது:

"பெரியக்கா, ஒரு சின்னத் திருத்தம். இந்த யானைக்குழியின் ஆழம் ஐந்தடிதான். உள்ளே நின்று பார்த்துச் சொல்கிறேன். ஐந்தடிக் குழிக்குள் ஒரு யானை ஏழு நாள் கிடந்தது என்பதை அறிவியல் ஏற்காது."

கொஞ்ச நேரத்தில் குழியின் தண்ணீர் அதிர்ந்து வளையம் வளையமாக அலை எழுந்தது. பெரியக்கா ஓடி வந்துகொண்டிருந்தது.

பின்னாலேயே குரங்கு அளவுக்கழியைத் தோளில் சுமந்து வந்தது. ஆந்தை கூலிங் கிளாஸ் மாட்டிக்கொண்டு கழியின் நுனியில் உட்கார்ந்து வந்தது. மூவரும் தொப்பலாக நனைந்திருந்தார்கள். அதை யாரும் கவனித்ததாகத் தெரியவில்லை.

பெரியக்கா விளிம்பில் நின்று கீழே பார்த்தது. "இது அஞ்சடியாடா?"

"அக்கா, தும்பிக்கைய மட்டும் கொஞ்சம் கீழ நீட்டினீங்கன்னா..."

"பேச்ச மாத்தாத. மொதல்ல அளக்கணும்."

குரங்கு கழியை இறக்கியது. "டேய், கீழ நேராப் பிடி. சாய்ஞ்சா கணக்கு தப்பிரும்."

கழுத்தளவுத் தண்ணீரில் சடையாண்டி போனைத் தலை முட்களில் செருகிக்கொண்டு கழியைக் கட்டிப் பிடித்தது. கழியின் அடி ஒரு கல்லின் மேல் போய் நின்றதைக் கால் விரலால் உணர்ந்தது. சொல்ல வாயைத் திறந்தபோது வாய்க்குள் தண்ணீர் போயிற்று.

ஆந்தை கண்ணாடியைக் கழற்றிவிட்டு வெட்டுகளை எண்ணியது. "பதினொண்ணு."

"சத்தமா சொல்லுங்க ஆந்தையாரே. அவன் காதுல விழணும்."

"பதினோரு அடி."

பெரியக்கா பதினோராவது வெட்டைத் தும்பிக்கை நுனியால் தொட்டது. "எங்க பெரியம்மா பொய் சொல்லல," என்றது மெல்ல. பிறகு குரங்கோடு சேர்ந்து தும்பிக்கையால் கழியைப் பிடித்தது. "சரி, முடிஞ்சுது. வாங்க போலாம்."

கழி மேலே எழும்பியது. சடையாண்டி வெட்டுகளில் நான்கு காலையும் கொக்கி மாதிரி மாட்டிக்கொண்டு கண்ணை மூடியது.

"என்னக்கா, இறக்கும்போது இவ்வளவு கனம் இல்லையே," என்றது குரங்கு.

"மூங்கில் ஊறியிருக்கும். மூங்கில் எவ்வளவு தண்ணி குடிக்கும்ங்கிறதுக்கு ஒரு புத்தகம்..." என்று ஆந்தை சொல்லும்போது கழியின் அடிப்பக்கம் விளிம்பைத் தாண்டி வந்தது. அதில் சடையாண்டி ஒட்டிக்கொண்டிருந்தது.

மூவரும் அதைப் பார்த்தார்கள்.

"நீ ஏன்டா இதுல இருக்க?" என்றது பெரியக்கா.

"மன்னிச்சுக்கங்க அக்கா."

குரங்கு கழியை வாங்கித் தடவிப் பார்த்தது. அதற்கு உண்மையிலேயே மனம் புண்பட்டிருந்தது. "அளவுக்கழில யாராவது ஏறுவாங்களா? வெட்டெல்லாம் மழுங்கினா யாரு பதில் சொல்றது?"

பெரியக்கா அந்த இடத்திலேயே தீர்ப்புச் சொன்னது. ஒரு மாதம் சடையாண்டி குழுவில் எழுதக் கூடாது. சடையாண்டி தும்மிக்கொண்டே தலையாட்டியது. எல்லாரும் வீடு போய்ச் சேர்ந்தார்கள்.

உயிர் பிழைத்த முள்ளம்பன்றி என்ன செய்யும்? போனைச் சார்ஜில் போட்டுவிட்டுக் குழுவைப் படித்தது. பக்கத்தின் உச்சியில் யாரும் அழிக்க முடியாதபடி குத்தி வைத்திருந்தார்கள்: 'யானைக்குழி: பதினோரு அடி. மூவர் முன்னிலையில் அளந்தது.'

சடையாண்டிக்கு அந்தக் கல் ஞாபகம் வந்தது. அரையடிக் கல். ஆழம் பதினொன்றரை.

அன்று அதற்குச் சாப்பாடு இறங்கவில்லை. மறுநாளும் இறங்கவில்லை. எழுதவோ வழியில்லை. 'பதினொன்றரை' என்று ஓர் இலையில் கீறித் தன் முள்ளிலேயே குத்திக்கொண்டது. அதைப் படிக்கத்தான் ஆள் இல்லை.

நான்காம் நாள் மதியம் ஆமையிடமிருந்து ஒரு செய்தி வந்தது. முந்தின நாளே தட்டத் தொடங்கியிருக்க வேண்டும்.

"சடையா, நீ விழுந்தேன்னு எழுதின உடனே கயிற எடுத்துக்கிட்டுக் கிளம்பிட்டேன். இப்பதான் வந்து சேர்ந்தேன். குழியில் நீ இல்லை. எட்டிப் பாத்ததில் இப்ப நான் இருக்கிறேன்."

"என்ன கயிறு? நைலானா?" என்றது குரங்கு.

"ஆமையாரே, அந்தப் பேச்சு முடிஞ்சு போச்சு. பதினோரு அடி," என்றது ஆந்தை.

சடையாண்டி எழுந்தது. ஆந்தையின் கடைசி இரண்டு சொற்களை அதனால் தாங்க முடியவில்லை. போனைக் கூட எடுக்காமல் ஓடியது.

குழியின் விளிம்பில் ஒரு மரத்தில் கயிறு கட்டியிருந்தது. மறு நுனி கீழே தொங்கியது. தண்ணீர் வற்றிவிட்டது. சேற்றின் நடுவில் ஆமை அண்ணாந்து பார்த்தது. அது வாய் திறப்பதற்குள் சடையாண்டி கேட்டது:

"அண்ணே, கயிறு தரையத் தொடுதா?"

"தொடுது தம்பி. கொஞ்சம் மிச்சமும் கிடக்கு."

"கல்லு மேல இல்லையே? வெறும் தரைலதானே?"

"வெறும் தரைலதான்."

"தொடுற இடத்துல ஒரு முடிச்சுப் போடுங்க."

ஆமை முடிச்சுப் போட ஒரு மணி நேரம் ஆனது. சடையாண்டி பொறுமையாகக் காத்திருந்தது. மூன்று நாளில் முதல் தடவையாக அதற்குப் பசித்தது.

"போட்டாச்சு தம்பி. இப்ப என்ன செய்ய?"

சடையாண்டி அளக்கிற பழக்கத்தில் கயிற்றை மேலே இழுக்கத் தொடங்கியது. இரண்டு முழம் வந்த பிறகு கீழே ஆமையின் முகம் தெரிந்தது. நிறுத்தியது. கயிற்றை மறுபடி இறக்கியது.

"மிச்சத்த உங்க ஓட்டச் சுத்திக் கட்டிக்கங்க அண்ணே."

அதற்கு இன்னொரு மணி நேரம். அந்த நேரத்தில் சடையாண்டி, கயிறு விளிம்பைத் தொடும் இடத்தில் ஒரு முள்ளைக் குத்தி வைத்தது. பிறகு சடையாண்டி மரத்தில் காலை ஊன்றி, மூச்சு வாங்க வாங்க, ஆமையை மேலே இழுத்துப் போட்டது. போட்ட கையோடு அந்த முள்ளிலிருந்து முடிச்சு வரை கயிற்றை அளந்தது. அதன் மிக நீளமான முள் சரியாக ஓர் அடி. பதினொன்று வந்து, மேலே அரையும் வந்தது. சடையாண்டியின் கண் நிறைந்துவிட்டது.

ஆமை அந்தக் கண்ணீரைப் பார்த்தது. நாள் கணக்கில் கயிற்றை இழுத்து நடந்ததில் அதன் கழுத்து புண்ணாகியிருந்தது.

"குழுவுல இத்தன பேர் இருக்காங்க," என்றது. "என் மேல அக்கறைப்பட்டு ஓடி வந்தது நீ ஒருத்தன்தான் தம்பி."

சடையாண்டியின் வாய் தானாகத் திறந்தது.

"அண்ணே, ஒரு சின்ன..."

அந்தக் கழுத்துப் புண்ணைப் பார்த்தது. கையிலிருந்த முள்ளைக் கீழே வைத்தது.

"ஒரு சின்ன உதவிதானே," என்றது.

சடையாண்டி தன் வாழ்நாளில் தெரிந்தே சொன்ன இரண்டாவது பொய் அது. அதை அளந்து பார்க்க யாரும் வரவில்லை.

*

நீதி: ஆபத்து வந்தால் உதவி கேட்காதீர்கள், தவறான ஓர் எண்ணைச் சொல்லுங்கள். அடுத்தவருக்கு உதவப் போவதாக இருந்தால் கட்டாயம் கயிறு கொண்டு போங்கள். உங்களைக் காப்பாற்ற வருகிறவருக்கு அளப்பதற்கு ஏதாவது வேண்டும்.