டவர் சித்தரும் மூணாவது மாடி ஒட்டகமும்

திருவொற்றியூரில் கடவுளுக்கு சிக்னல் கிடைத்துவிட்டது. முழுசாக நாலு கோடு!

சுங்கச்சாவடிக்குப் பக்கத்தில் ஒரு செல்போன் டவர். அதன் அடியில், புலித்தோல் அச்சடித்த பாயில் டவர் சித்தர், முதுகுக்குப் பின்னால் ஒரு காவித் திரைச்சீலை. குறையை வாய் திறந்து சொல்லத் தேவையில்லை. எதிரில் போய் நின்றாலே மனசில் இருப்பதை அவரே சொல்லிவிடுவார். பெரம்பூரிலிருந்து வந்தார்கள், மீஞ்சூரிலிருந்து வந்தார்கள், மணலி புதுநகரிலிருந்து வேன் வைத்து வந்தார்கள். கன்டெய்னர் லாரிக்காரர்கள் ஹாரன் அடித்துப் பார்த்து அலுத்துப்போய், வண்டியை நிறுத்திவிட்டு அவர்களும் வரிசையில் சேர்ந்துகொண்டார்கள்.

டோக்கனுக்கு ஒரே நிபந்தனை. 'ஞானக்கண்' என்கிற பிரவுசரைப் போனில் ஏற்றி, பேரும் நம்பரும் பதிய வேண்டும். இன்டர்நெட்டில் எதைத் தேடினாலும் இனி அதில்தான். வேறு பிரவுசர் தீட்டு! அந்தக் காலத்துச் சித்தருக்குக் காயகல்பம் தெரியும், இவருக்கு டவுன்லோடு தெரியும்.

சங்கமித்ராவுக்கு இதெல்லாம் சிரிப்பாகத்தான் இருந்தது, புருஷன் டில்லிபாபு அங்கே போய் வரும்வரை. துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிற மனுஷன். குடலிறக்கம். திங்கட்கிழமை ஆபரேஷன். தள்ளிப்போட்டால் குடல் சிக்கிக்கொண்டு உயிருக்கே ஆபத்து என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

"கத்தியே வைக்கக்கூடாதாம்மே. மந்திரிச்ச எலுமிச்சம்பழத்தை நாப்பத்தெட்டு நாளு வச்சுக் கட்டுனா தானா ஏறிக்குமாம்."

"எவன்யா சொன்னது?"

"சித்தரு. நான் வாயே தொறக்கலை. 'மயக்க மருந்து குடுத்தா எந்திரிப்போமான்னு பயந்துகினு கீற'ன்னு புட்டுப் புட்டு வச்சிட்டாரு. அதை நான் உன்னாண்டகூட சொன்னதில்லியே!"

"என்னாண்ட சொல்லலை. போனாண்ட சொன்னியா?"

டில்லிபாபு திருதிருவென்று முழித்தான். "சும்மா... ஒருவாட்டி தேடிப் பார்த்தேன்."

அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பக்கத்து வீட்டு தாஹிராவும் போன வாரம் அங்கே போனவள்தான். அவளிடம் இருப்பது பட்டன் போன். "உன் மனக்கதவு சாத்தியிருக்கிறது" என்று சித்தர் திருப்பி அனுப்பிவிட்டார். முக்காலமும் உணர்ந்தவருக்குப் பட்டன் போனில் மட்டும் பார்வை மங்கல்!

சங்கமித்ரா மணலியில் ஒரு கன்டெய்னர் கிடங்கில் கம்ப்யூட்டரில் வேலை பார்க்கிறவள். புருஷன் போனை வாங்கி, ஞானக்கண்ணின் செட்டிங்கைத் திறந்தாள். நாம் தேடுகிற வார்த்தை எந்தத் தேடுபொறிக்குப் போக வேண்டும் என்று மாற்றிக்கொள்ள அங்கே ஓர் இடம் உண்டு. தேடியதைக் குறித்து வைத்துக்கொள்ளாத ஒன்றுக்கு மாற்றிவிடலாமென்று பார்த்தாள்.

பட்டியலில் மூன்றே பெயர்கள். அருள் தேடல். அருள் தேடல் பிளஸ். அருள் தேடல் கோல்டு.

ஆஹா, என்ன சுதந்திரம்! மூன்று வாசல், மூன்றும் ஒரே வீட்டுக்கு. வெளியிலிருந்து ஒன்றைச் சேர்க்கப் பார்த்தாள். 'உங்கள் பாதுகாப்பு கருதி அனுமதி இல்லை' என்றது போன்.

"யாரோட பாதுகாப்புடா?" என்று போனையே கேட்டாள்.

தன் போனிலும் ஞானக்கண்ணை ஏற்றினாள், டோக்கன் போட்டாள். சனிக்கிழமை மத்தியானம் தாஹிராவைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஒரே ஒரு சமாச்சாரத்தைத் திரும்பத் திரும்பத் தேடினாள். இரண்டு பேருக்கும் சிரித்துச் சிரித்து வயிறு வலித்தது.

ஞாயிற்றுக்கிழமை. டில்லிபாபுவையும் இழுத்துக்கொண்டு போய் சித்தர் எதிரே நின்றாள். சித்தர் கண்ணை மூடினார். ஜடாமுடிக்குள் காதை லேசாகத் தடவிக்கொண்டார். ஒரு கணம் முகம் மாறியது. பிறகு சமாளித்துக்கொண்டார்.

"மகளே! உன் வீட்டில் ஒரு பிரசவக் கவலை."

"ஆமா சாமி!" சங்கமித்ரா கையைக் கூப்பினாள். "யாருக்கு சாமி?"

"வாயில்லா ஜீவன். நான்கு கால்... நீண்ட கழுத்து..."

கூட்டம் "ஆ!" என்றது. டில்லிபாபு பெண்டாட்டியை மேலும் கீழும் பார்த்தான்.

"முதுகில் திமில். பதின்மூன்று மாதம் சுமக்கும் ஒட்டகம்! கவலைப்படாதே, சுகப்பிரசவம். எலுமிச்சம்பழத்தைக் கழுத்தில் கட்டு."

"கட்டிடலாம் சாமி. ஆனா நாங்க கீறது அவுசிங் போர்டு மூணாவது மாடி, பத்துக்குப் பத்து ரூமு. ஒட்டகம் படியேறி வந்துச்சா, லாரி வச்சு ஏத்துனோமான்னு அதையும் பார்த்துச் சொல்லிடுங்க."

ஒரு லாரி டிரைவர்தான் முதலில் சிரித்தார். அப்புறம் வரிசையே சிரித்தது. சங்கமித்ரா போனைத் தூக்கி எல்லாருக்கும் காட்டினாள். 'கர்ப்பமான ஒட்டகத்துக்கு என்ன தீனி', 'ஒட்டகப் பிரசவம் எத்தனை மாதம்'. பதினேழு தடவை!

சித்தரின் செந்தமிழ் பறந்தது. "டேய் மனோகரா! இன்னாத்தடா படிச்சுக் குட்த்த, கஸ்மாலம்!"

பின்னாலிருந்த காவித் திரைச்சீலையைக் கிழித்தார்கள். உள்ளே காதில் ஹெட்செட்டோடு சித்தரின் மச்சான் மனோகரன், மடியில் லேப்டாப். அதன் திரையில் வரிசையாகப் பேர்கள், பேருக்கு நேரே அவரவர் தேடியது. 'வீட்டு ஓனருக்குத் தெரியாமல் காலி செய்வது எப்படி' என்று தேடியவர் நெளிந்தார். அவருடைய ஓனர் பின்னாலேயே நின்றிருந்தார். சித்தர் பாயைச் சுருட்டுவதற்குள் டிரைவர்கள் இரண்டு பேர் அவர் தோளில் அன்பாகக் கை போட்டு, போலீஸ் வரும்வரை உட்காரவைத்தார்கள்.

டில்லிபாபு இடுப்பில் கட்டியிருந்த எலுமிச்சம்பழத்தை அவிழ்த்து சித்தர் மடியிலேயே போட்டான். "நாளைக்கு எத்தினி மணிக்குமே ஆஸ்பத்திரி?" என்றான். சங்கமித்ராவுக்கு அப்போதுதான் மூச்சே வந்தது.

அதோடு விட்டார்களா? விடுவார்களா நம் ஜனங்கள்! மொத்த வரிசையும் அப்படியே திரும்பி, போனை நீட்டிக்கொண்டு சங்கமித்ரா முன்னால் நின்றது. "யம்மா, அந்த ஞானக்கண்ணு கருமத்தைத் தூக்கிட்டோம். போனு வாங்கச்சொல்லோ அதுலயே ஒரு பிரவுசர் வந்துச்சே, அது நல்லதா? நீயே ஒண்ணு பார்த்துப் போட்டுக் குடு தாயீ!" ஒருவர் அவள் காலில் விழவே போய்விட்டார்.

"காலை வுடுய்யா!" என்று அவள் பின்னால் குதித்தாள். "அந்தப் பிரவுசர்லயும் செட்டிங்கைத் தொறந்து தேடுபொறி லிஸ்ட்டைப் பாரு. எவன் பேரு முதல்ல கீது, யாரு வச்சது, எவன் பேரு இல்லவே இல்லன்னு கேளு. கும்புடறதுக்கு உடனே பத்து வெரலும் வருதே, செட்டிங்கைத் தொட ஒரு வெரல் வராதா?"