மகளிரியல் டாக்டர்

"பொண்ணு என்ன படிக்குதுங்க?" என்று அப்புசாமி கேட்டபோது சின்னராஜின் வாயில் சூடான போண்டா இருந்தது.

காதுகுத்து வீட்டுப் பந்தல். பின்னால் நாதஸ்வரம் காதைப் பிளந்துகொண்டிருந்தது. போண்டாவை ஒரு கன்னத்துக்குத் தள்ளிவிட்டு, "மகளிரியல்" என்றார் சின்னராஜ்.

"மகளிர் டாக்டருங்களா?"

இல்லை என்று சொல்ல வாயில் இடமில்லை. தலையை ஆட்டினார். எந்தப் பக்கம் ஆட்டினோம் என்று பிறகு பலமுறை யோசித்துப் பார்த்தார். மேலும் கீழுமாகத்தான் ஆட்டியிருக்க வேண்டும்.

சின்னராஜ் மல்லசமுத்திரத்தில் லாரிக்குப் பாடி கட்டும் பட்டறையில் மேஸ்திரி. ஒரே மகள் அன்புச்செல்வி சேலத்தில் விடுதியில் தங்கி பி.ஏ. மகளிரியல் இரண்டாம் வருடம் படித்தாள். சனிக்கிழமை மாலை பஸ்ஸில் ஊருக்கு வருவாள், திங்கள் விடியற்காலை திரும்பிப் போவாள். அது என்ன படிப்பு என்று அவள் ஒருமுறை சொல்லியிருக்கிறாள்.

"பொம்பளைங்க ஊட்ல பண்றதெல்லாம் ஏன் வேலைன்னு யாருக்கும் தெரியறதில்ல, காடு தோட்டமெல்லாம் ஏன் ஆம்பளைங்க பேர்லயே இருக்குது, இதெல்லாம் படிக்கிறதுங்கப்பா."

"இதுக்கு ஒரு படிப்பா?" என்று கேட்டுவிட்டார். பத்து நாள் மகள் போனை எடுக்கவில்லை. அதன் பிறகு அவர் எதுவும் கேட்பதில்லை. பட்டறையில் யாராவது விசாரித்தால்தான் விழி பிதுங்கும். அதனால், அப்புசாமி தானாகவே டாக்டர் என்று முடிவு கட்டிக்கொண்டது ஒருவகையில் அவருக்கு வசதியாகவும் இருந்தது.

ஆனால் அப்புசாமி பால் சொசைட்டியின் செயலாளர். மறுநாள் காலை ஏழு மணிக்குள், கறவை மாடு வைத்திருந்த அத்தனை வீடுகளுக்கும் செய்தி போய்ச் சேர்ந்துவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை முதல் ஆளாக வந்தது அப்புசாமியின் மனைவி கண்ணாத்தாள். ஒரு கை இடுப்பில் இருந்தது.

"அம்மிணி இருக்குதுங்களாண்ணா? ஒரு மாசமா இடுப்பு வலிங்க."

"அது படிச்சுட்டு இருக்குதுங்க."

"படிக்கட்டுமுங்க. நான் பக்கத்துல சும்மா ஒக்காந்துக்கறேன்."

கண்ணாத்தாள் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். சின்னராஜ் வாசலுக்கும் கேட்டுக்குமாக நடந்தார். ஒன்றரை மணி நேரம் கழித்து அவள் வெளியே வந்தாள். கண் சிவந்திருந்தது, ஆனால் முகம் தெளிந்திருந்தது. இடுப்பில் கை இல்லை.

"என்னம்மிணி சொன்னே அவங்களுக்கு?" என்று மகளிடம் பட்டும் படாமலும் கேட்டார்.

"நான் எங்கீங்கப்பா சொன்னேன்? அவங்கதான் பேசுனாங்க. காலையில எந்திரிச்சதுல இருந்து படுக்கற வரைக்கும் என்னென்ன பண்றாங்கன்னு எழுதிக்கிட்டேன். எங்களுக்குக் கள ஆய்வு இருக்குதுல்ல."

கோபமில்லாமல்தான் சொன்னாள். டாக்டர் பேச்சு அவள் காதுக்கு இன்னும் போகவில்லை என்று சின்னராஜ் நிம்மதியடைந்தார். போவதற்குள் சரிசெய்துவிட வேண்டும் என்று மறுநாள் காலை சொசைட்டிக்குப் போனார்.

"இல்லீங்க அப்புசாமி, அது மருந்தெல்லாம் எழுதக் கூடாதுங்க."

"அதைத்தான் நானும் எல்லார்கிட்டயும் சொல்லிட்டு இருக்கறனுங்க," என்றார் அப்புசாமி. பால் கேனோடு வரிசையில் நின்றவர்கள் பக்கம் திரும்பினார். "ஒரு மாத்திரை இல்ல, ஊசி இல்ல. எங்கூட்டுக்காரிக்கு இடுப்பு வலி போன எடந்தெரியல."

அடுத்த ஞாயிறு ஏழு பெண்கள் வந்தார்கள்.

"எதையாவது சொல்லி அனுப்பிவை," என்று சின்னராஜ் தன் மனைவி மாரியாயியிடம் கெஞ்சினார்.

"தலையாட்டுனது நீங்கதான? நீங்களே போய்ச் சொல்லுங்க," என்று மாரியாயி வந்தவர்களுக்குக் காபி கலக்கப் போய்விட்டாள்.

மூன்றாவது ஞாயிற்றுக்கிழமை, பட்டறையிலிருந்து ஒரு தகரத் துண்டைக் கொண்டுவந்து, லாரிக்கு நம்பர் எழுதும் பெயிண்டில், 'இன்று பார்க்க முடியாது' என்று எழுதிக் கேட்டில் மாட்டினார். பத்து நிமிடத்தில் மாதையன் என்பவர் மனைவியை வண்டியின் பின்னால் வைத்துக்கொண்டு வந்து நின்றார். போர்டை எழுத்துக் கூட்டிப் படித்தார்.

"அப்ப நாளைக்கு எத்தன மணிக்குங்க?"

சின்னராஜ் போர்டைக் கழற்றினார்.

கூட்டம் கூடவே, கொண்டுவந்து விடும் கணவர்களும் பெருகினார்கள். அவர்கள் வெயிலில் நிற்பதைப் பார்க்க முடியாமல் வாசலில் ஒரு பெஞ்சு போட்டார். பெஞ்சைப் பார்த்ததும் அந்த வழியாகப் போனவர்களுக்கும் இது ஆஸ்பத்திரி என்பது உறுதியாகிவிட்டது. உள்ளே பேச்சும், அவ்வப்போது சிரிப்பும் கேட்டன. வெளியே ஆண்கள் குறைபட்டுக்கொண்டார்கள்.

"மத்தியானம் ஒரு மணி நேரம் படுத்தே ஆகணும்னு டாக்டரு சொல்லிருக்குதாமுங்க," என்றார் மாதையன். "அந்த நேரத்துல மாட்டுக்குத் தண்ணி நான்தான் காட்டணுமாம்."

"எனக்குக் காலைக் காபியே நானாத்தான் போட்டுக்கறேன்," என்றார் அப்புசாமி. "அடுப்புக்கிட்ட அஞ்சு மணிக்கு நிக்கக் கூடாதாமா. என்ன பண்றது, வைத்தியம்னா பத்தியம் இருக்கத்தான செய்யும்."

கள ஆய்வு என்று சொன்ன மகள் வைத்தியமும் சொல்ல ஆரம்பித்துவிட்டாளா? சின்னராஜுக்குக் கேட்கவும் பயம். கேட்டால் போண்டாவிலிருந்து தொடங்க வேண்டும்.

அந்த வாரம் செய்தித்தாளில் எங்கோ ஓர் ஊரில் போலி டாக்டர் கைது என்று போட்டிருந்தார்கள். அதை நான்கு முறை படித்தார். பட்டறையில் ஒரு லாரியின் பின்கதவை முன்பக்கம் அளவெடுத்து வெட்டிவிட்டு முதலாளியிடம் திட்டு வாங்கினார்.

புதன்கிழமை சொசைட்டியின் பொதுக்கூட்டம். மகளிர் மருத்துவ முகாம் நடத்தப்போவதாக அப்புசாமி சொல்லியிருந்தார். சின்னராஜ் போனபோது வாசலிலேயே பிளெக்ஸ் கட்டியிருந்தார்கள். பன்னிரண்டாம் வகுப்புப் படத்தில் அன்புச்செல்வி இரட்டைச் சடையோடு சிரித்தாள். யாரோ அவள் கழுத்தில் கம்ப்யூட்டரில் ஸ்டெதஸ்கோப் மாட்டிவிட்டிருந்தார்கள்.

சேலத்தில் அவளுக்கு அன்று தேர்வு. நல்லவேளை என்று நினைத்துக்கொண்டார். போலீஸ் வந்தால் முதலில் இந்தப் படத்தைத்தான் கேட்கும் என்றும் தோன்றியது. விறுவிறுவென்று மேடையேறி அப்புசாமியின் கையிலிருந்து மைக்கை வாங்கினார்.

"எம்பொண்ணு டாக்டரு இல்லீங்க."

கூட்டம் சிரித்தது. தன்னடக்கம் என்று நினைத்திருப்பார்கள்.

"நெசமாத்தானுங்க. அது படிக்கிறது மகளிரியல். பொம்பளைங்க பாடு என்னன்னு படிக்கிற படிப்புங்க. பி.ஏ. தப்பு எம்மேலதான். அப்புசாமி கேட்டப்ப வாயில போண்டா இருந்துச்சு. எம்பொண்ணுக்கு ஒண்ணும் தெரியாது. அத ஒண்ணும் பண்ணிப்போடாதீங்க."

மைக் கீச்சென்றது.

முதலில் எழுந்தது மாதையன். "அப்ப மாட்டுக்குத் தண்ணி காட்டச் சொன்னது யாருங்க?"

ஆண்கள் எல்லோரும் பெண்கள் உட்கார்ந்திருந்த பக்கம் திரும்பினார்கள். பெண்கள் எல்லோரும் தரையைப் பார்த்தார்கள்.

சின்னராஜ் இறங்கி வெளியே வந்தார். மனம் லேசாகியிருந்தது. இனி மகளுக்கு ஆபத்தில்லை. ஊர் நாலு நாள் சிரிக்கும், சிரிக்கட்டும். மகளிரியல் என்றால் என்னவென்று அவரே மைக்கில், நூறு பேர் முன்னால், ஒரு வரியில் சொல்லிவிட்டார் என்பது அப்போதுதான் உறைத்தது. மகள் கேட்டிருந்தால் சந்தோஷப்பட்டிருப்பாள்.

பின்னால் செருப்புச் சத்தம் கேட்டது. கண்ணாத்தாள் வேகமாக வந்துகொண்டிருந்தாள். சின்னராஜ் கைகூப்பினார்.

"மன்னிச்சுக்கோங்கம்மா. டாக்டருன்னு நம்பி வந்த உங்களையெல்லாம் ஏமாத்திப்போட்டேன்."

கண்ணாத்தாள் கூட்டம் நடந்த பக்கம் ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள்.

"டாக்டரு இல்லைன்னு அம்மிணி மொத நாளே சொல்லிருச்சுங்ணா. ஆஸ்பத்திரின்னாத்தான் ஊட்ல ஒண்ணுங் கேக்காம உடறாங்க, இனி நாங்க என்னன்னு சொல்லிட்டு வாரது?"