மிச்ச மாத்திரை வள்ளல்

நம் ஊர்களில் மிச்ச மாத்திரை வள்ளல் என்றோர் இனம் உண்டு. டாக்டர் எழுதிக் கொடுத்ததில் பாதியை விழுங்கிவிட்டு, காய்ச்சல் இறங்கியதும் மீதியைப் பிறர் நலனுக்காகப் பத்திரப்படுத்துகிறவர். உங்கள் தெருவிலும் ஒருவர் இருப்பார். எங்கள் ஸ்ரீவைகுண்டத்தில் அவர் பெயர் திருஞானசம்பந்தம். கூட்டுறவு வங்கியில் மேலாளராக இருந்து ஓய்வு பெற்றவர்.

பூஜை அலமாரியில் திருநீற்று மரவைக்குப் பக்கத்தில் இருக்கும் பிஸ்கட் டப்பாதான் அவருடைய மருந்துக்கடை. சென்ற ஐப்பசியில் வைரஸ் காய்ச்சல் ஏரலில் தொடங்கி, ஆற்றோரமாகவே ஏறி வந்து, வாழைத்தோட்டங்களுக்கு ஆள் கிடைக்காமல் செய்து, பள்ளிக்கூட பெஞ்சுகளைக் காலியாக்கியபோது, தூர்தர்ஷன் செய்தி முடிந்ததும் அவர் வாசலில் கூட்டம் சேரும். நெற்றியில் திருநீறு, உள்ளங்கையில் கறுப்புச் சிவப்பு ஆன்டிபயாடிக் கேப்சூல்.

"எல்லாத்தையும் திங்கணுமா அண்ணாச்சி?" என்று கேட்டார் தோட்டவேலை செய்யும் முத்துமாலை.

"எதுக்கு வே? சூடு விட்டதும் நிறுத்திரும். மிச்சத்த இங்கன கொண்டாந்து கொடும். அடுத்தாளுக்கு ஆகும்."

கொண்டுவந்தும் கொடுத்தார்கள். எங்கள் ஊர் நூலகத்துக்குப் புத்தகங்கள்கூட இவ்வளவு ஒழுங்காகத் திரும்பியதில்லை.

வைரஸ் காய்ச்சல் தானாகவே போகும். கேப்சூல் பேரைத் தட்டிக்கொண்டு போகும். இதை அவரிடம் யார் சொல்வது?

அவர் மனைவி பிரம்மநாயகிக்குத் தும்மினால் ஒன்று, தலை வலித்தால் ஒன்று என்று வருஷக்கணக்கில் தானம் நடந்திருந்தது. மார்கழியில் அந்த அம்மாள் அரிவாள்மணையில் விரலை அறுத்துக்கொண்டார். டப்பா திறந்தது. விரல் வீங்கியது. மறுபடி திறந்தது. கை முழங்கைவரை சிவந்தது. பாளையங்கோட்டை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள்.

"இந்தக் கிருமி உங்க கேப்சூலுக்கு அசையவே மாட்டேங்குது," என்றார் சீழைச் சோதிக்கச் செய்த டாக்டர் சாலோமி. "இன்னும் பிந்தியிருந்தா விரலை எடுத்திருக்கணும்."

"தெருவுக்கே கேட்ட மருந்தாச்சே, டாக்டர்!"

"கண்டதுக்கெல்லாம் பாதி பாதியாச் சாப்பிட்டதுல கிருமிக்கு இந்த மருந்து பழகிப்போச்சு. அதனாலதான் இப்போ கேக்கல."

வேறு ஊசிகள் போட்டார்கள். விரல் பிழைத்தது. சொன்ன நாள்வரை விடாமல் சாப்பிடச் சொல்லி, மாத்திரையும் கொடுத்து அனுப்பினார்கள். வீட்டுக்கு வந்து வீக்கம் கொஞ்சம் வடிந்ததோ இல்லையோ, நம் வள்ளலின் கை மாத்திரை அட்டையை நோக்கிப் பைய நீண்டது.

"நாயகி, வீக்கந்தான் வத்திட்டுல்லா? மிச்சத்த..."

"இதத் தொட்டியள்னா, அரிவாமணையில அடுத்தது ஒங்க விரலுதான்!" கட்டுப் போட்ட கையாலேயே பிரம்மநாயகி அட்டையைப் பிடுங்கி இடுப்பில் செருகிக்கொண்டார்.

சிரிக்கிறீர்கள். நல்லது. அப்படியே எழுந்து போய், உங்கள் டிவி பெட்டிக்கு மேலே கிடக்கும் அந்தப் பாதி அட்டையைப் பாருங்கள். எந்தக் காய்ச்சலின் மிச்சம் அது?

அடுத்தாளுக்கு ஆகும் என்றுதானே வைத்திருக்கிறீர்கள்?